பிழிவதும் விடுவதும்

யாராவது தும்மினால் யாமினி அவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பாள். ஸ்டுட்கார்ட்டில் கலியாண மண்டபமோ, தமிழ்க் கடையின் மிளகாய்த்தூள் அடுக்கோ, எங்கே நின்றாலும் சரி, தும்மல் வருமுன் ஒரு பெண் சட்டென்று ஒரு காலை மற்றக் காலோடு பின்னிக்கொண்டால் அது அவள் கண்ணுக்குத் தப்பாது. சாப்பாட்டுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிடுவாள். முதலில் சேலை எங்கே எடுத்தது என்று கேட்பாள். பாயசம் முடிவதற்குள் அந்தப் பெண், புருஷனுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

யாமினிக்கு வயது முப்பத்திரண்டு. மருத்துவமாது. ஜெர்மன் பெண்களுக்கும் பிரசவம் பார்க்கிறாள், எங்கள் பெண்களுக்கும் பார்க்கிறாள். புதன்கிழமை பின்னேரங்களில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். ஒட்ட வெட்டிய நகங்கள். படியேறும்போது சூடான தேத்தண்ணியை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதிக்கொண்டே ஏறுவாள். “பாரம் தூக்கேக்க மூச்சை வெளியில விடவேணும்” என்பது அவள் சட்டம். இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் எவரையும் ஊதவைக்காமல் விடமாட்டாள். தமிழ்க் கடைக்காரர் அவளைக் கண்டால், மூட்டையைத் தொடுமுன்பே ஊதிக் காட்டுவார்.

வகுப்புக்கு அவள் கொண்டுபோகும் பையில் துணியால் செய்த ஒரு சாமான் இருக்கிறது. இடுப்பெலும்புக்கு அடியில் ஏணைபோல் தாங்கி நிற்கும் தசைகளின் உருவம் அது. சிறுநீரை அடக்குவதும் அந்தத் தசைகள்தான், பிள்ளை வரும்போது வழிவிடுவதும் அவைதான். அதைத் தைத்தவள் அக்கா நிருஷா. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். உடுப்புத் திருத்தும் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். தங்கை காட்டிய படத்தைப் பார்த்து மூன்று அடுக்கு, மூன்று நிறம், சுற்றிவர இரட்டைத் தையல் போட்டு, இரண்டு பேர் இழுத்தாலும் கிழியாது என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். யாமினி ஒரு பொம்மையின் தலையை அதன் நடுவில் விட்டுத் தள்ளினாள். தலை அசையவில்லை.

“வடிவாத் தைச்சிருக்கிறாய், அக்கா. ஆனா இந்தப் பிள்ளை பிறக்காது.”

நிருஷா அத்தனை தையலையும் பிரித்து, நீச்சலுடைத் துணி வாங்கி, முதலிலிருந்து தைத்தாள். இப்போது தலை போகிறது, துணி பழையபடி சுருங்கியும் கொள்கிறது. வகுப்புக்குப் பாய் விரிக்க உதவப் போகும் நாட்களில், பெண்கள் அதைத் திருப்பி உட்பக்கத் தையலைப் பார்க்கிறார்களா என்று அவள் ஓரக்கண்ணால் கவனிப்பாள்.

கொறற்றியை யாமினி கண்டுபிடித்தது ஒரு பிறந்தநாள் வீட்டில், அதுவும் தும்மலால்தான். கொறற்றி வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது போகும். மூத்தவன் பிறந்தபோது கிழிந்து தையல் போட்டது. அன்றிலிருந்து இடியப்ப உரலை அமத்தும் ஒவ்வொரு முறையும் உடுப்பு நனையும். ஏழு வருடமாகப் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு பிழிந்தாள். இப்போது வயிற்றில் இரண்டாவது, ஐந்தாம் மாதம். இன்னொன்றையும் பெற்றால் மிச்சமும் போய்விடும், பிறகு அடுப்படியிலும் நிற்க முடியாது, ஆட்களுக்கு முன்னாலும் நிற்க முடியாது என்று பயந்து, பிள்ளையை வயிற்றை வெட்டியே எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்கப் போகிறேன் என்றாள்.

யாமினி மறுத்துப் பேசவில்லை. “வெட்டினாலும் சரி, தானா வந்தாலும் சரி, ஒன்பது மாதமும் தாங்கிறது இந்தத் தசைதானே. முதல்ல நீங்கள் பிழியிறதை ஒருக்காப் பாப்பம்.”

மறுநாளே போய், அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பத்துத் தட்டுப் பார்த்தாள். கொறற்றி பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கால்விரல்களால் தரையைப் பற்றிக்கொண்டு, உடம்பின் முழுப் பாரத்தையும் கீழே இறக்கினாள்.

“எல்லாத்தையும் கீழ தள்ளிப்போட்டு, கீழ ஒண்டும் நிக்குதில்லை எண்டா எப்பிடி அக்கா?”

அன்றிலிருந்து இடியப்பம்தான் பயிற்சி. உரலை அமத்தும்போது ஊதவேண்டும், ஊதிக்கொண்டே அடியிலுள்ள தசையை உள்ளுக்குத் தூக்கவேண்டும். உரலைத் தூக்கும்போது தசையை முழுவதுமாக விடவேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தட்டு, அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் புருஷன் அல்பேர்ட்டின் பாடு.

கொறற்றி ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. இரண்டு கிழமை கழித்து அடிவயிறு நோகிறது, சிறுநீரும் லேசாகப் போகுதில்லை என்று வந்து நின்றாள். விசாரித்தால், முதல் தட்டில் தூக்கிய தசையை முப்பதாவது தட்டுவரை அவள் விடவே இல்லை. விடுகிற நேரம் வீண் என்று நினைத்தாளாம். யாமினி ஏசவில்லை. துணிச் சாமானை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“அமத்திக்கொண்டே நிண்டா அடுத்த தட்டு எப்பிடி அக்கா வைக்கிறது? விடுறதும் வேலைதான்.”

அதன்பிறகு நாலு கிழமை விடுவதை மட்டும் பழக்கினாள். நாடியையும் தாடையையும் தளர்த்தி, உதட்டைக் குதிரைபோல் படபடவென்று அடிக்கவேண்டும். நாடி இறுகினால் கீழும் இறுகும் என்பது அவள் கணக்கு. அடுப்படியில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த அல்பேர்ட்டும் தப்பவில்லை. அவனும் நின்று உதடடித்தான். ஏழாம் மாதமளவில் மடித்த துணி நனைவது நன்றாகக் குறைந்துவிட்டது. எட்டாம் மாதம் கொறற்றி தானாகவே சொன்னாள்: “வெட்ட வேண்டாம், தங்கச்சி. பாப்பம்.”

மாசி மாதம் பிரசவ அறையில், கடைசி நேரத்தில் அவளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பல் இறுகியது, கால்விரல்கள் மடங்கின. பக்கத்தில் நின்ற ஜெர்மன் டாக்டருக்கு விளங்காத தமிழில், யாமினி அவள் காதோடு மெதுவாகச் சொன்னாள்: “கொறற்றி அக்கா, உரலைத் தூக்குங்கோ.” விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பெண் பிள்ளை, மூன்றே முக்கால் கிலோ. இந்தக் கதையை யாமினி யாருக்கும் சொன்னதில்லை. கொறற்றிதான் இடியப்பம் வாங்க வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லுகிறாள்.

ஆடி மாதம் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சாப்பாடு கொறற்றி வீட்டில். இடியப்பம் முழுக்க அவளே பிழிந்தது. சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரித்த புகை அடுப்படியிலிருந்து கிளம்பி வர, சனம் இருமத் தொடங்கியது. இடியப்பத் தட்டோடு வாசலில் வந்த கொறற்றி நின்று மூன்று தரம் தும்மினாள்.

நிருஷா தங்கையைப் பார்த்தாள். யாமினியின் கண் கீழே போயிருந்தது. கொறற்றியின் பொன்னிறச் செருப்புகள் இரண்டும் ஒரு சாண் இடைவெளியில், வைத்த இடத்திலேயே இருந்தன.

யாமினி தன் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். இரண்டு இடியப்பம் கூடுதலாக வைத்துக்கொண்டாள்.