நான் முறைத்த படம்

பேய்ப்படம் என்றுதான் சொன்னார்கள். பேய்ப்படமாகவே இருந்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

காப்பி எஸ்டேட்டில் எனக்கு வேலை. பழம் பறிப்பேன், களத்தில் காப்பி காய வைப்பேன், எஸ்டேட் பங்களாவைக் கூட்டித் துடைப்பேன். முதலாளி சென்னையில் இருக்கிறார். பங்களாவைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டார். ஒரே வேனில் மொத்தப் படமும் வந்து இறங்கியது. ஆள், விளக்கு, துணிமணி, ஒரு பாட்டில் ரத்தம், எல்லாம் அதிலேயே.

புகை போடும் மெஷின் ஒன்றும் வந்தது. ஏற்காட்டுக்குப் பனிமூட்டம் கொண்டுவந்த ஆட்களை அன்றுதான் பார்த்தேன். நிஜ மூட்டம் இறங்கியபோது, கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்று உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

பகலில் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கினார்கள். கதாநாயகி மெல்லிய நைட்டியோடு, காலில் செருப்பில்லாமல் காப்பிச் செடிக்குள் ஓடினாள். கொலைகாரன் துரத்துகிறானாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். குளிரில் அந்தப் பெண்ணுக்கு உதடு நீலமாகிவிட்டது. கேமராவை நிறுத்தும்போதெல்லாம் என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவளைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

தொப்பி போட்ட டைரக்டர் என்னிடம் வந்தார்.

“அக்கா, ஒரே ஒரு பார்வை. கதவத் தொறந்து எட்டிப் பாத்து முறைக்கணும்.”

“எதப் பாத்து முறைக்கறதுங்க?”

“கேமராவுக்குப் பின்னாடி எதையாவது பாருங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

பின்கதவில் என்னை நிறுத்தி, வெளியே கேமராவை வைத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் களம். களம் நிறையக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்ததும் தூறல் விழுந்தது. ஆட்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். தார்ப்பாய் சுருட்டியபடி கிடந்தது. இவர்கள் நிறுத்தச் சொல்லும்வரை நகரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. நான் பார்த்தபடி நின்றேன்.

“சூப்பர்க்கா!” என்றார் டைரக்டர். நான் களத்துக்கு ஓடினேன்.

சில மாதம் கழித்துப் படம் போனில் வந்தது. தியேட்டருக்கெல்லாம் வருகிற படம் இல்லை அது. மகள்தான் முதலில் பார்த்தாள். “அம்மா, நீ வர்ற. ஆனா நீ பாக்காத” என்றாள். கொஞ்சம் பார்த்தேன். படுக்கையறையில் ஒரு ஆணும் பெண்ணும். அடுத்து என் முகம், கதவிடுக்கில். மறுபடி அவர்கள். மறுபடி நான். ஒரே பார்வையைத் துண்டு போட்டு, படுக்கை வந்த இடமெல்லாம் ஒட்டியிருந்தார்கள். அத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒண்டிக்கடை ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் போனால் ஆட்டோக்காரப் பையன்கள் விடுவதில்லை.

“அக்கோவ், இன்னைக்கு எந்த ஊட்டுக் கதவுங்க?”

“இதையெல்லாம் எதுக்குடா பாக்கறீங்க?”

“படம் நொம்பக் கேவலம்ங்க்கா. அதனாலதான் நல்லாருக்குது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.”

கேவலமாக இருப்பதால் நன்றாக இருக்கிறதாம். சாம்பாரை அப்படிச் சொல்லி ஒருவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு மாரமங்கலத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பையன் ஜீப் ஓட்டுகிறான். பூ வைக்க வருகிறோம் என்று சொன்னவர்கள் வரவில்லை. போனும் இல்லை. மகள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவாள்.

ஒரு நாள் மத்தியானம் பையனின் அம்மா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரும் அங்கே ஒரு எஸ்டேட்டில் களத்து வேலை செய்கிறவர். தண்ணீர் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க சொந்தக்காரங்கதான் கண்டபடி பேசறாங்க. நான் பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. போடு கண்ணு, பாக்கலாம்.”

மகள் போனை எடுத்து, படத்தைக் கொஞ்சம் தள்ளிவிடப் பார்த்தாள்.

“தள்ளாத சாமி. மொதல்ல இருந்து போடு.”

மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். அந்தம்மா வாய் ஓயவில்லை.

“ஏன் கண்ணு, கொலகாரன் ஊட்டுக்குள்ள சுத்தறான், இவ குளிக்கப் போறாளே?”

“அப்படித்தான் கதைங்க அத்தை.”

“போலீசுன்னு வந்தவன் சட்டையக் கழட்டறானே, வந்த வேலையப் பாக்காம?”

படுக்கை வந்ததும் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் பார்த்தார். என் முகம் வந்தது. போனது. மறுபடி வந்தது. அதே சேலை, அதே கலைந்த முடி.

“நிறுத்து” என்றார்.

போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, அன்னைக்குக் காப்பி நனஞ்சு போச்சுங்களா?”

தலையை ஆட்டினேன்.

“களத்துல கொட்டி வெச்சுட்டுத் தூறலப் பாக்கற மூஞ்சிங்க இது. எங்கூட்டுக் கண்ணாடில நான் பாக்காத மூஞ்சியா?”

“பாதி நனஞ்சுதுங்க. மேஸ்திரி கிழிச்சுப் போட்டாருங்க.”

“கிழிக்காம?” என்றார். போனை மகளிடம் கொடுத்தார்.

அத்தோடு கிளம்புவார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. “இருங்க, யாரு கொன்னான்னு பாத்துட்டுப் போயிடறேன்” என்றார்.

கடைசியில் ஒரு கை கத்தியோடு வந்தது. முடி நிறைந்த ஆண்பிள்ளைக் கை. அதில் கண்ணாடி வளையல். பிறகு கதவு திறந்து என் முகம். யாரோ ஒருத்தி எனக்காகக் குரல் கொடுத்துச் சிரித்தாள். எல்லாரையும் கொன்றது பங்களா கூட்டுகிற பொம்பளையாம். அதாவது நான். எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்தம்மா சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எட்டிப் பாத்தாங்கன்னு சொன்னானுங்களே தவுத்து, கொலகாரின்னு ஒருத்தனும் சொல்லலீங்க. ஒரு பயலும் கடைசி வரைக்கும் பாக்கல. வேணுங்கற எடத்தப் பாத்துட்டு மூடிட்டானுங்க, ஞாயம் பேச மட்டும் வந்துட்டானுங்க.”

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது சொன்னார்: “வெள்ளிக்கெழம பூ வெக்க வர்றோமுங்க. ஞாயம் பேசினவனுகளையும் கூட்டிட்டு வர்றேன்.”

கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். மகள் தலையில் பூ இருந்தது. நான் அடுப்படிக் கதவைத் திறந்து, நின்று, ஒரு பார்வை பார்த்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை.