கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில், பார்வையற்ற மாணவி ஒருத்தியின் தேர்வறைக்கு நான் கண்காணிப்பாளர். பதில் சொல்லுமுன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்ப்பாள். பிறகு தடங்கலின்றிச் சொல்வாள். பக்கத்திலிருந்த பெண் எழுதுவாள்.

மற்றவர்களுக்கான மணி அடித்ததும் மாணவி எழுந்துவிட்டாள். இரண்டு கேள்விகள் பாக்கி.

"உனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேம்மா. பதில் தெரியலையா?"

"ரெண்டும் நல்லாத் தெரியும் சார். ஆனா எங்க ஊரு பிளவக்கலுக்குக் கடைசி பஸ் இப்பப் போயிரும்."

"கூட்டிட்டுப் போக யாரும் வர மாட்டாங்களா?"

"அம்மா தோப்பு வேலைக்குப் போயிருக்காக. வீட்டுல வண்டி கிடையாது சார்."

கொண்டுபோய் விட என்னிடமும் வண்டி இல்லை. விடைத்தாளை வாங்கிக்கொண்டேன். கோலைத் தட்டியபடி படியிறங்கிப் போனாள்.

அவளுக்கான அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை, அறையைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை.