அப்பா எழுதிய மூன்றாவது பதில்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டுக் கம்ப்யூட்டரில் அவருடைய அதிகாரத்தைப் பறித்ததுதான்.

கண்டதையும் ஏற்றி இரண்டு முறை அதைக் கெடுத்திருந்தார். நான் பெங்களூரில் இருந்தபடியே அவருடைய திரைக்குள் நுழைந்து, என் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கினேன். அவருடையதைச் சாதாரணக் கணக்காக மாற்றினேன்.

"இனி எதை ஏத்தறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டு ஏத்துங்கப்பா."

"ஏங்கண்ணு, என்ற ஊட்டு மிசினுக்கு உன்ற உத்தரவு வேணுமாக்கும்? நாளைக்கு ஃபேன் போடறதுக்கும் மனு எழுதித் தரட்டுமா?"

என் கணக்குக்குப் பாஸ்வேர்டை நான் போட்டேன். அது மறந்துபோனால் கேட்பதற்கான மூன்று கேள்விகள் வந்தபோது அலுவலக அழைப்பு வந்துவிட்டது. "எனக்குப் பதிலா நீங்களே எழுதிருங்க" என்றேன். அவர் ஒரு விரலால் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து மாரடைப்பில் இறந்தார். பெயர் மாரப்பன். வயது அறுபத்தேழு. மூன்று ஏக்கர் நெல் வயல்.

கருமாதி முடிந்த மறுநாள் கோபிநாத் வந்தார். மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளியில், வாய்க்கால் பாசனக்காரர்களின் பாடசேகர சமிதிக்கு அவர் தலைவர். அப்பா பதினொரு வருடம் செயலாளர்.

"திங்கக்கெழம வாய்க்கால்ல தண்ணி உடறாங்க. யாருக்கு எப்பங்கற பட்டியல் அண்ணன் கம்ப்யூட்டர்லதான் இருக்குது. அது இல்லாம மதகத் தொறந்தா மம்முட்டியத் தூக்கிட்டு அடிதடிக்கு வந்துருவானுங்க, ஜீவிதா."

அந்தப் பட்டியலை வேறு யாராலும் போட முடியாது. ஒரு போகத்தில் இரவு முறை வந்தவருக்கு அடுத்த போகத்தில் பகல். யார் வயல் மேடு, யார் வீட்டில் நோயாளி, எல்லாம் பார்த்து மணி ஒதுக்குவார். பாதிப் பேருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும் என்பதால் மலையாளத்திலும் தமிழிலும் அடிப்பார்.

அவருடைய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. என்னுடையது எனக்கே நினைவில்லை. வழக்கமாக நான் வைக்கும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கோப்பை எடுக்கலாம் என்றால், பாதுகாப்புக்காக அதையும் நானே பூட்டி வைத்திருந்தேன். மிச்சம் அந்த மூன்று கேள்விகள்தான்.

படித்த முதல் பள்ளி. சிறு வயதுச் செல்லப்பெயர். இரண்டும் என்னுடையவை, எழுதினேன். மூன்றாவது, உங்கள் பெற்றோர் சந்தித்துக்கொண்ட ஊர்.

நல்லேப்பிள்ளி என்றேன். தவறு. பக்கத்துச் சித்தூர். தவறு. அம்மாவைக் கேட்டேன்.

"சந்திச்சதா? நல்லாக் கேட்ட போ. உங்கப்பா எனக்கு அத்தை மகன். தொட்டில்ல கெடக்கறப்பவே பாத்த மூஞ்சி."

தொடர்ந்து அரிசி புடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "வாளையார்னு போட்டுப் பாரு" என்றார்.

"வாளையாரா?"

"கோயமுத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு எல்லாரும் ஒரே பஸ்ல வந்தோம். செக்போஸ்ட்ல லாரியா நின்னு மூணு மணி நேரம் பஸ் நவுறல. உங்கப்பா எறங்கிப் போயி வெள்ளரிப்பிஞ்சு வாங்கியாந்து எங்கிட்ட நீட்டுனாரு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல."

வாளையார் என்று அடித்தேன். திறந்தது.

"அதையா எழுதி வெச்சிருக்கறாரு?" என்றார் அம்மா. முறத்தை வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அது குடித்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை.

அறையில் நான் மட்டும் இருந்தேன். நிர்வாகிக்கு எல்லாம் தெரியும்: அப்பா பார்த்தவை, அழித்தவை, என் அனுமதிக்காகக் காத்து நின்ற ஒரு மலையாள எழுத்துரு. அதைப் பற்றி இரண்டு தடவை போன் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். வேறு எதையும் திறக்காமல் பட்டியலை மட்டும் எடுத்தேன்.

நாற்பத்தொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம், பக்கத்தில் 'சொல்லியாச்சு' என்று ஒரு கட்டம். எங்கள் வயலுக்கு வரவேண்டிய காலை ஒன்பது மணி முறை, கமலாத்தாள் பெயருக்கு மாறியிருந்தது. கடைக்கோடி வயலைத் தனியாளாக உழுது நடும் பெண். அவருடைய இரவு இரண்டு மணி எங்களுக்கு வந்திருந்தது. குறிப்பில் ஒரு வரி: 'போன்ல சொன்னா கமலாத்தா ஒத்துக்காது. ஊட்டுக்குப் போயி நேர்ல சொல்லோணும்.'

நாற்பது கட்டங்களில் டிக் இருந்தது. கமலாத்தாளுக்கு நேராக இல்லை.