ராகுகாலமும் எரிமலையும்

“திங்கட்கிழமை. வாய் தெரியவில்லை.” கரிபியன் தீவொன்றில் எரிமலை ஏறிய நாளுக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

அந்த எரிமலையின் வாயைப் பார்க்கத்தான் மொன்ட்ரியாலிலிருந்து போனேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன் அதுவே கடைசி வாய்ப்பு. காலையில் நேரத்தோடு ஏறாவிட்டால் உச்சியை முகில் மூடிவிடும் என்று விடுதிக்காரி எச்சரித்திருந்தாள். கூட வந்த மைத்துனனோ வாசலை விட்டு அசையவில்லை.

“பொறுங்கோ அத்தான், ராகுகாலம் முடியட்டும்.”

“எந்த ஊர் ராகுகாலமடா?”

“எங்கட வீட்டுக் கலண்டரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தனான்.”

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் கலண்டர்! மொன்ட்ரியால் பனிக்காலச் சூரியனுக்குக் கணித்த நேரத்தில், வெயில் காயும் தீவில் ராகுவுக்கு மரியாதை. பொறியியல் படித்தவன் வேறு. கார்ச் சாவி அவனிடம் இருந்ததால் காத்திருந்துதான் புறப்பட்டோம்.

பாதை அமைதியாகத்தான் இருந்தது. பெரும் பன்னச் செடிகளுக்கிடையே ஆளரவமே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் ஏறி இறங்கிப் போய்விட்டார்கள். உச்சியில் வெள்ளை முகிலைத் தவிர ஒன்றுமில்லை.

“பாத்தீங்களோ, ஒருத்தரும் விழேல்லை” என்றான் பெருமையாக.

அந்தத் தீவின் கணக்குப்படி நாங்கள் ராகுகாலத்துக்குள்ளேயே புறப்பட்டிருப்போம் என்று நம்பவே எனக்கு ஆசை. இன்னும் சரிபார்க்கவில்லை.