அப்பாவின் பல்வலியும் என் வாயும்

என் அப்பாவின் பல்வலிக்கு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் சில மைல் தள்ளி துரை மாதிரி நின்றுகொள்ளும். மூட்டைகளைத் தோணியில்தான் கொண்டுபோக வேண்டும். அப்பாவுக்குத் தோணியில் வேலை. விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நடுவில் சோற்றுக்கு நேரம் கிடையாது. மடியில் முடிந்த கருப்பட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே பகலை ஓட்டிவிடுவார். அந்தக் கடைவாய்தான் பணியாரம் போல வீங்கிவிட்டது.

ஊரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. அன்று பார்த்து அவருக்கும் ஓய்வு. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் என்ன என்று கேட்பீர்கள். நின்றவன் இடத்தில் தோணித் தலைவரான தண்டல் மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார். அம்மா கிராம்பு வைத்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறவருக்கு உப்புத் தண்ணீர் வைத்தியம்! ஒரு நாள் வலியில் கால் இடறி, மூட்டையோடு கடலில் விழப் பார்த்தார் என்று கேள்விப்பட்டதும், டாக்டரிடமே மருந்து கேட்பது என்று முடிவு செய்தாள்.

அவளுக்குக் கைக்குழந்தை. அதனால் மருந்து வாங்கிவர என்னை அனுப்பினாள். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லவேண்டும் என்று மூன்று தடவை ஒப்பிக்க வைத்தாள். என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்கு அப்போதே கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

டாக்டர் என்னை நாற்காலியில் ஏற்றி வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டார்.

“இடது பக்கம் கீழ கடைசிப் பல்லு. ரெண்டு மாசமா உறக்கம் இல்ல. மூட்ட தூக்கக் குனிஞ்சா மண்ட தெறிக்கு.”

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றார்.

“விடியுமுன்ன தோணிக்குப் போனா விளக்கு வச்சுத்தான் வாரேன். ஒரு நா நின்னா தண்டல் வேற ஆளப் போட்டுருவாரு.”

டாக்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. பிறகு விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டார். வந்ததற்கு இருக்கட்டும் என்று, ஆடிக்கொண்டிருந்த என் முன்பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

“ஏளா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அந்தத் தோணிக்காரர அவரு வாயோட கூட்டிட்டு வா. தொறந்து வைக்கேன்.”

ராத்திரி நான் அதை அப்படியே ஒப்பித்ததும், அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதை மறுநாளே தோணிக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போனோம். திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினோரு பேர், மாதா கோயில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. எல்லாருக்கும் வாயில் ஏதோ ஒரு கோளாறு. மலை மாதிரி மூட்டை தூக்குகிற ஆட்கள், அந்த வாசலில் மட்டும் மூத்தவர் முதலில் போகட்டும் என்று மரியாதை பார்த்தார்கள். நான் என் ஓட்டைப் பல்லைக் காட்டி, வலிக்காது என்று ஒவ்வொருவருக்கும் தைரியம் சொன்னேன். உள்ளே போனவர்கள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வர வர, வெளியே நின்றவர்கள் கேலி செய்ய, எனக்கு அது கோயில் திருவிழா மாதிரி இருந்தது. அத்தனை சந்தோஷம். அப்பாவின் வீக்கமும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

கடைசி ஆளையும் முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இவ்வளவையும் வாயில வச்சுக்கிட்டு, இத்தன நாளா எப்படிய்யா வேலைக்குப் போனீங்க?”

அப்பா தரையைப் பார்த்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருமே பதில் சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்ததால்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.