அடித்துண்டு எனக்கு

தம்பியின் பெண்சாதி மேல் எனக்குப் பொறாமை. அறுபதைத் தாண்டிய பிறகு இதை மறைத்து என்ன பயன்? அவளுடைய நிறம், அவளுடைய படிப்பு, அவள் அவிக்கிற பிட்டு உதிரி உதிரியாக வருவது, இவற்றுக்கெல்லாம் பொறாமைப்பட்டு நான் ஓய்ந்துவிட்டேன். ஓயாமல் நின்றது ஒன்றுதான். அவள் வீட்டில் ஓர்க்கிட் பூத்தது, என் வீட்டில் பூக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே செடியின் துண்டுகள்.

செடி ஐயாவுடையது. எங்கள் தகப்பனார் வன்னியில் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். ஒருமுறை லீவில் வரும்போது, விழுந்து கிடந்த பாலை மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, நீர்வேலியில் எங்கள் வீட்டு வளவின் நடுவில் நின்ற வேம்பில் கட்டிவிட்டார். வண்டா என்று அதற்குப் பெயராம். நாங்கள் ஐயாவின் பூ என்றுதான் சொல்வோம். பட்டி பட்டியாக இரண்டு பக்கமும் இலை, சின்னவிரல் பருமனில் காற்றில் தொங்குகிற வேர். சித்திரை, வைகாசியில் ஒரு காம்பில் எட்டு, பத்துப் பூ வரும். தவிட்டு நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஊதா நாக்கு. பார்வைக்கு அப்படி ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் மணம்! வெயில் ஏற ஏற, முந்திரிகைப் பந்தலுக்குள் பழுத்த திராட்சைக் குலைகளுக்குக் கிட்ட நிற்கிறமாதிரி ஒரு மணம் வளவு முழுக்க நிற்கும். ஐயா வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசிப்பார். அந்தச் செடிக்கு அவர் ஒருநாளாவது தண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டிய காலத்தில் இதை நான் யோசிக்கவில்லை.

ஐயா ஒரு வைகாசியில் போய்ச் சேர்ந்தார். செடி அப்போது பூத்திருந்தது. ஒரு கொத்தை முறித்து அவர் நெஞ்சில் வைத்தேன். அடுத்த வருஷம் திவசத்துக்கு அதே பூவைப் படத்துக்கு வைத்தேன். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூத்த பிள்ளை நான். ஐயாவின் படத்துக்கு ஐயாவின் பூவை வைக்கிறது என்னுடைய உரிமை என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் அவரிடமிருந்து நான் அப்படி ஆசையாகப் பிடித்து வைத்திருக்கவில்லை.

பிறகு வளவைப் பிரித்தோம். வீடும் கிணறும் என் பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி புதுவீடு கட்டினான். கிணற்றில் அவர்களுக்கும் பங்கு. போய்வர வேலியில் ஆள் நுழைகிற அளவு திறந்து ஒரு பொட்டு விட்டோம். ஒரு ஐப்பசி மழைக்கு வேம்பு அடியோடு சாய்ந்தது. தம்பி மரம் அரிகிற வாளோடு வந்து செடியைக் கழற்றினான். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, இரண்டாக வெட்டாமல் வழியில்லை.

"அக்கா, நுனித்துண்டிலை வேர் கனக்க இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" என்றான்.

"அடிதான் மூத்தது. அது எனக்கு."

என்னை யாரும் ஏமாற்றவில்லை. என் வாயால் கேட்டு வாங்கினேன். தம்பி ஒரே பலகையில் இரண்டு கூடை அடித்து, ஆளுக்கொன்று விறாந்தையில் தொங்கவிட்டான்.

மச்சாள், அதுதான் தம்பியின் பெண்சாதி, தெல்லிப்பழைப் பக்கம், வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். கூடை தொங்கிய இரண்டாம் கிழமையே பொட்டுக்குள்ளால் வந்து, நான் வாளியால் தண்ணீர் ஊற்றுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உதுக்குக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ, மச்சாள். அதிலை சுண்ணாம்பு கனக்க. மழைத்தண்ணிதான் பிடிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஐயா வெட்டுவித்த கிணறு. ஊர் முழுக்க உவர் ஏறின காலத்திலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆட்கள் தண்ணீரைப் புகழ்ந்துவிட்டுத்தான் போவார்கள். நேற்று வந்தவள், அதே தண்ணீரைக் குடிக்கிறவள், அதில் குறை சொல்கிறாள். "ஐயாவின்ரை செடிக்கு ஐயாவின்ரை கிணத்துத் தண்ணி ஒண்டும் செய்யாது," என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் வாழைத் தோட்டக்காரர். ஒன்று வாடினால் தண்ணீர் இறைப்போம். அதற்கும் சரிவராவிட்டால் எரு வைப்போம். நான் காலையும் பின்னேரமும் ஊற்றினேன். ஆட்டெருவைக் கரைத்து ஊற்றினேன். வேரெல்லாம் வெள்ளை படர்ந்தது. இலையில் பொருக்குப் பிடித்தது, தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் அடியில் பிடிக்குமே அதேமாதிரி. இருந்தும் அது சீக்கு என்று நினைத்தேனே தவிர, தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. ஐயாவைச் சந்தேகப்படுகிறமாதிரி அல்லவா அது.

அவளோ கூரைப் பீலியின் கீழ் நீலப் பீப்பாக்களை வரிசையாக வைத்து, வலை கட்டி, மாரி மழையைச் சேர்த்தாள். காலையில் ஒரு சின்னத் தெளிகருவியால் வேரை நனைப்பாள், அவ்வளவுதான். டெங்கு பார்க்க வருகிற பரிசோதகருக்கு அந்தப் பீப்பாக்களைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். சொல்லவில்லை. யோசித்தது உண்மை.

மூன்றாம் வருஷம் அவளுடையது பூத்தது. வெயில் ஏற, மணம் வேலியைக் கடந்து வந்து என் சாமியறைக்குள் நின்றது. நான் யன்னலைச் சாத்தினேன். திவசத்தன்று அவள் ஒரு கொத்தை வெட்டிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்தாள்.

"மாமாவுக்கு வையுங்கோ, மச்சாள்."

வாங்கி வைத்தேன். வேறென்ன செய்வது? ஐயர் இருக்கிறார், சொந்தக்காரர் இருக்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே. ஐயாவை நான்கு வருஷம்கூடப் பார்த்திராத ஒருத்தியின் கையிலிருந்து, ஐயாவின் பூவை நான் வாங்கி ஐயாவுக்கு வைக்கிறேன். சனம், "மருமகள் எவ்வளவு பற்று," என்று கதைத்தது. அன்றைக்குப் பாயாசம் என் தொண்டையால் இறங்கவில்லை. என் கையால் வளர்ந்த ஒரே ஒரு கொத்து, ஒரே ஒரு வைகாசிக்கு, அந்தப் படத்தில் இருக்க வேண்டும். அதைத் தவிர வேறொன்றையும் நான் அந்த நாட்களில் கேட்கவில்லை. கோயிலில்கூட அதைத்தான் கேட்டேன்.

அடுத்த தையில் அவர்கள் ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போனார்கள். ஒரு கிழமை, ஏழு நாள். வீட்டுத் திறப்பையும் தெளிகருவியையும் என் கையில் தந்து, "பீப்பாத் தண்ணி மட்டும், மச்சாள்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் ஒழுங்காகத் தெளித்தேன். நான்காம் நாள் மத்தியானம், ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், என் கூடையைக் கழற்றிக் கொண்டுபோய் அவள் விறாந்தையில் கொழுவினேன். அவளுடையதைக் கொண்டுவந்து என் விறாந்தையில் கொழுவினேன். கூடை ஒன்றுதானே, அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளைப் பொருக்கு மட்டும் காட்டிக்கொடுக்கும் என்று, தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, பிழிந்த புளியில் சீலைத்துண்டை நனைத்து என் செடியை ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். ஒரு பின்னேரம் முழுக்க அந்த வேலை. களவு செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐயாவின் செடியில் நல்ல பாதியை மூத்த பிள்ளை எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

வந்த அன்று அவள் கூடையின் கீழ் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வேலியோரம் உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி விட்டனீங்களோ, மச்சாள்?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

"இலையெல்லாம் பளபளவெண்டு கிடக்கு," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவளாம், தன் செடியைத் தனக்குத் தெரியவில்லை என்று அன்றிரவு சந்தோஷமாகப் படுத்தேன்.

வைகாசிக்கு முந்தி என் கூடையில் ஒரு காம்பு விட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு. இதைத் தவறவிடக்கூடாது என்று இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினேன். ஏழு மொட்டு எண்ணினேன். ஏழும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தன. திவசத்தன்று மச்சாள் வெறுங்கையோடு வந்தாள்.

"இந்த வருஷம் பூக்கேல்லை, மச்சாள்," என்று மல்லிகைச் சரம் ஒன்றைத் தந்தாள்.

எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குப் பாயாசம் இனித்தது.

அந்த வருஷம் முழுக்க என் விறாந்தையில் தொங்கியது வாடிக்கொண்டே போனது. கீழ் இலைகள் கழன்றன. வேரில் பழைய வெள்ளை திரும்பி வந்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. பொட்டுக்குள்ளால் போவதையும் குறைத்தேன்.

போன வைகாசித் திவசம். ஐயர் தட்சணை வாங்கிக்கொண்டு எழும்புகிற நேரம், வாசலில் அந்த மணம் வந்தது. திரும்பாமலே தெரிந்தது. மச்சாள் ஒரு கொத்தோடு நின்றாள், பதினொரு பூ. நான் எட்டி வாங்கினேன். அவள் காம்பை உடனே விடவில்லை. குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"இது உங்கடை செடியிலை பூத்தது, மச்சாள். அடித்துண்டு."

திரும்பிப் பார்த்தேன். தம்பி உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேளாமல், "எப்ப தெரியும் உமக்கு?" என்றேன்.

"கொழும்பாலை வந்த அண்டைக்கே. தேசிக்காய் மணந்தது."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீங்கள் கோவத்திலை மாத்தித் தந்திருப்பியள். அடித்துண்டு திரும்ப உங்கடை கிணத்தடிக்குப் போயிருக்கும். அது அப்பவே சாகிற நிலையிலை. மாமாவின்ரை செடியெல்லோ."

நான் போய்ப் படத்துக்கு வைத்தேன். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. என்னுடைய செடி, ஐயாவின் படம், வைகாசி. தம்பி எட்டிப் பார்த்து, "இந்த முறைதான் அக்கா, ஐயா இருக்கேக்கை மணந்தமாதிரி மணக்குது," என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அவனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கடைசி வரிசையில் பாயின் ஓரத்தில் இருந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பூவுக்குப் பட்ட பொறாமைதான் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் வாய் திறக்காமல், தன் செடி என் விறாந்தையில் சாகிறதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு, என் செடிக்குத் தண்ணீர் தெளிக்க அவளுக்கு முடிந்தது. எனக்கு ஒரு நாள்கூட முடியாது. இப்போது அதற்குத்தான் பொறாமை.

சனம் கலைந்த பிறகு, என் விறாந்தையில் தொங்கிய கூடையைக் கழற்றிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனேன். அவள் வாங்கி, வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வேரின் நுனியில் பச்சை இருந்தது.

"இது உம்மடை," என்றேன். "மற்றதும் இஞ்சையே கிடக்கட்டும்."

"வேண்டாம். உங்கடையை நீங்கள் கொண்டுபோங்கோ. இதை நான் பார்க்கிறன்." பீப்பாவின் வலையை நீக்கி ஒரு கலன் நிறைய மழைத்தண்ணீர் அள்ளித் தந்தாள்.

ஒரு கையில் அடித்துண்டுக் கூடை, மற்றக் கையில் கலன். வீட்டுக்கு வர வேறு வழியில்லை, ஐயாவின் கிணற்றடியால்தான் அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.