அண்ணாச்சியின் இடது கண்

செய்தி வந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் முடித்து இடப்பக்கத்துக்குப் பிரஷ்ஷைத் தூக்கியபோது செல்போன் அடித்தது.

"மாமா, செண்பகம் பேசுதேன். அப்பா போயிட்டாவ. காலையில டீயைக் குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்திருந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ. உங்களுக்குச் சொல்லணும்லா, அதான்."

வேலுச்சாமி அண்ணாச்சியின் ஒரே மகள். எனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளுக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் குறைப்பட்டிருக்க முடியாது. அது ஏன் என்பதை அண்ணாச்சியை அறிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்குள் மை காய்ந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவன் மிச்சத்தையும் பூசுவதா என்று விட்டுவிட்டேன். "பாதி கருப்பு, பாதி வெள்ளைன்னு போய் நின்னா துட்டி வீட்டுல ஒருத்தரும் அழ மாட்டாங்க" என்றாள் என் மனைவி. ஊரைச் சிரிக்க வைக்கிறேன் என்று இருபது வருஷம் அலைந்தவனுக்கு வேஷம் பொருத்தமாகத்தான் அமைந்தது.

தொண்ணூறுகளில் கோவில்பட்டிச் சுற்று வட்டாரத்தில் பட்டிமன்றம் கேட்டவர்களுக்கு அண்ணாச்சியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். குள்ளமான ஆள், கணீர்க் குரல். மாறுகண். வலது கண் உங்களைப் பார்க்கும்போது இடது கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தொலைபேசி அலுவலகத்தில் எழுத்தர். மேடையில் அவர் ஒரு அணி, நான் எதிரணி. பேச்சில் சரக்கு அவருடையது. கைதட்டல் என்னுடையது. அந்தக் கைதட்டலை நான் எதை வைத்து வாங்கினேன் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

"நம்ம அண்ணாச்சி ஆட்டுக்கு ஊசி போட வந்தா, ஆடு தைரியமா நிக்கும். பக்கத்துல நிக்கிற ஆட்டுக்காரர்தான் வேட்டியை இறுக்கிக் கட்டுவாரு!"

இதை முதன்முதலாகச் சொன்னது கயத்தாறில் ஒரு விழாவில். அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நாக்கு நுனிக்கு வந்தது, சொல்லிவிட்டேன். கூட்டம் அலறியது. முடிந்ததும் டீக்கடையில் அவர் முகத்தைப் பார்க்காமல் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறார் என்று பயம்.

"ஓய், நீரு அதைச் சொல்லி நிறுத்தும்போது நான் ஊசியைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சா இன்னும் நல்லாருக்கும்லா?" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் இருவரின் உருப்படி ஆனது. நான் சொல்லி நிறுத்துவேன். ஒரு மூச்சு விடும் நேரம் மேடை மௌனமாக இருக்கும். அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, இல்லாத ஊசியை உயர்த்தி, என்னைப் பார்த்துக்கொண்டே நடுவரை நோக்கி நடப்பார். நடுவர் கோப்பால் பின்பக்கத்தை மறைத்துக்கொள்வார். அவ்வளவுதான், பெண்கள் பக்கத்தில் அழுகிற பிள்ளைகூடச் சிரித்துவிடும். அவர் எழாவிட்டால் அது பாதி ஜோக். வெறும் வசவு. நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை.

நிஜத்தில் அவர் கைதான் அந்தப் பக்கத்திலேயே குறி தவறாத கை. சுற்று வட்டாரத்தில் ஆடு மேய்க்கிற பெண்கள், "கண்ணுக்காரர் வரட்டும்" என்று டாக்டரையே காக்க வைப்பார்கள். ஒரு தரம் அவரிடம், "கண்ணைப் பத்தி உமக்கு வருத்தமே கிடையாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். வேறு ஒன்றுமில்லை, என் குற்ற உணர்ச்சிக்கு ஒரு சலுகை கிடைக்குமா என்று பார்த்தேன். "காலையில சவரம் பண்ணும்போது ரெண்டு நிமிஷம் என் மூஞ்சியை நான் பாக்கேன். மிச்ச நாள் பூராவும் நீங்கதான பாக்கிய. அது உங்க கஷ்டம்வே" என்றார். நான் அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

அவர் மகளுக்கும் அதே கண். அதே இடது கண். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தட்டைப் பார்த்தபடியே டீ கொண்டு வருவாள். முடியை ஒரு பக்கமாக இழுத்து நெற்றியில் விட்டிருப்பாள். "ஏட்டி, மாமா மூஞ்சியைப் பாத்துக் குடு. அவன் என்ன ஜமீனா?" என்பார் அண்ணாச்சி. அவள் இன்னும் குனிவாள். அவள் கண்ணைப் பற்றி நான் ஒரு ஜோக்கும் சொன்னதில்லை. அதை என் நல்ல குணங்களில் ஒன்றாக வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அங்கே தமிழ் மன்ற விழாவுக்கு எங்கள் குழுவை அழைத்தார்கள். ஏற்பாடே அவள்தானாம். எங்க அப்பா நல்லாப் பேசுவாவ என்று அவளே ஆசிரியையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஓய், இன்னைக்கு ஒரு நாள் அந்த ஊசியை விட்டுரும்."

"ஏன் அண்ணாச்சி?"

"பிள்ளை கேட்டுக்கிட்டா. 'அவங்க சிரிக்கது உங்களை இல்லப்பா, என்னை'ங்கா. நான் இத்தனை நாளு, நான் தைரியமா நிக்கதைப் பாத்து அவளுக்கும் தைரியம் வரும்னுல்லா நெனச்சேன். பாத்தேரா கதையை!"

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றேன். என் தலையில் என் கையை வைத்தே சொன்னேன்.

தலைப்பு: மனிதன் பெரிதும் அஞ்சுவது மனசாட்சிக்கா, ஊர் வாய்க்கா? நான் மனசாட்சி அணி. சிரிக்காதீர்கள், குலுக்கலில் விழுந்தது. அண்ணாச்சி ஊர் வாய்க்கே என்று எனக்கு முன்னால் பேசினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அரைத் தூக்கத்தில் இருந்த பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டார். மூன்றாவது வரிசையில் செண்பகம். அன்றைக்கு முடியை ஏற்றிக் கிளிப் குத்தியிருந்தாள். அந்த முகத்தை முழுதாக நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அப்பா பேசப் பேச, பக்கத்துப் பிள்ளை இவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து நான். முதல் ஜோக் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. கடைசி வரிசையில் ஒரு பெண் சத்தமாகக் கொட்டாவி விட்டாள். அதற்குச் சிரித்தார்கள். மேடையில் நின்று சிரிப்பு வராமல் போனவனுக்குத்தான் அது தெரியும். இருக்கிறோமா, இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். இந்த விளக்கத்தை ஒரு சமாதானமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

"மாணவிகளே, எதிரணியில் நம்ம அண்ணாச்சி இருக்காரே, அவரு ஆட்டுக்கு ஊசி போட வந்தா…"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எந்தக் கண்ணால் என்று இந்த இடத்தில்கூட எனக்கு ஒரு ஜோக் வருகிறது. பாருங்கள் என் லட்சணத்தை.

சொல்லி நிறுத்தினேன். அந்த ஒரு மூச்சு மௌனம் வந்தது. அவர் எழாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே முடிந்திருப்பேன், அதுவே நியாயமும்கூட. அவர் மூன்றாவது வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை உயர்த்தினார்.

அரங்கமே இடிந்து விழுவது போலச் சிரிப்பு. செண்பகத்தின் பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி இவள் முகத்தை, சரியாக அந்தக் கண்ணைப் பார்த்தாள். செண்பகம் கையை மேலே கொண்டுபோய்க் கிளிப்பை எடுத்தாள். முடி இறங்கி முகத்தை மூடியது.

மனசாட்சிக்கே என்று தீர்ப்பு. எங்கள் அணி வென்றது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணாச்சி ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "தொண்டை கட்டியிருக்கு உமக்கு, சுக்கு போட்டுக் குடியும்." அதற்குப் பிறகு அவர் மேடைக்கு வரவில்லை. கூப்பிட்டால், "ஆடெல்லாம் சினையா இருக்கு ஓய், நகர முடியாது" என்பார். புதூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போய், மனைவியின் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க ஒரு தடவை அங்கே போனேன். போகும் வழியெல்லாம் வாக்கியத்தை உருப்போட்டேன். வாசலில் அவரைக் கண்டதும் வாய் தானாக ஒரு புது ஜோக்கைச் சொல்லிவிட்டது. சிரித்தார். வெயிலையும் மழையையும் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார்.

"ஓய், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீரும். ஊருல எல்லாரும் கண்ணாடியில மூஞ்சி பாப்பான். உமக்குச் சிரிப்புச் சத்தம்தான் கண்ணாடி. அது கேக்கலேன்னா மூஞ்சி இருக்கா போச்சான்னு தடவிப் பாக்கேரு. மேடையில எத்தனை தடவை பாத்திருக்கேன். பாவமா இருக்கும்."

பாவமா இருக்கும் என்று அவர் என்னைச் சொன்னார். அவர், என்னை.

இனி அவர் இறந்த நாளுக்கு வருகிறேன். அவருடைய தம்பி மும்பையிலிருந்து வர வேண்டும் என்பதால் மறுநாள்தான் எடுப்பதாக இருந்தது. சும்மா போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அஞ்சலி பிளக்ஸ் ஒன்று அடித்துக் கொண்டு போவோம் என்று தோன்றியது. பழைய விழா நோட்டீஸுக்காக அவர் கொடுத்த பாஸ்போர்ட் போட்டோ என்னிடம் இருந்தது. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், கண்ணு ஒரு மாதிரி இருக்கே. நேர் பண்ணிரவா?" என்றார்.

என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. இத்தனை வருஷத்துக்குப் பரிகாரம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று யார் கண்டது? "பண்ணிருங்க. நல்லாப் பண்ணிருங்க" என்றேன். வலது கண்ணை நகல் எடுத்து, திருப்பி, இடதில் வைத்தார். கீழே 'ஆறாத் துயரில்' என்று என் பெயர். பக்கத்தில் என் படம், தலை நிறைய முடி இருந்த காலத்துப் படம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் தெருமுனையில் அதைக் கட்டினேன். ஆட்டுக்கார அம்மாக்கள் நாலைந்து பேர் மாலையோடு வந்தார்கள். பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏய்யா, கண்ணுக்காரர் வீடு எது? இது வேற யாரோ செத்த வீடுல்லா?"

"இதுதாம்மா."

"அப்போ இந்தப் படம் யாரு?"

சத்தம் கேட்டு செண்பகம் வெளியே வந்தாள். புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் இப்போது மேற்பார்வை வேலை. தைத்து வருகிற சட்டைகளில் கோணல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். பிளக்ஸை வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசியில அதையும் எடுத்துட்டீங்களா மாமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முன்பு டீத் தட்டைப் பார்ப்பாளே, அப்படி. மீசையின் கருப்புப் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"காலேஜில அன்னைக்கு… நான் உன்கிட்டயும் அண்ணாச்சிகிட்டயும் மன்னிப்பு…"

"அப்பா கேட்டுட்டாவ."

"என்னம்மா?"

"மன்னிப்பு. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் எங்கிட்ட அப்பாதான் கேட்டாவ. 'அவன் முங்கிட்டிருந்தான்ட்டி. நான் எந்திரிக்கலேன்னா அப்படியே போயிருப்பான். உன்னைப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். நீ தாங்கிருவ, அவன் தாங்க மாட்டான்னு தோணுச்சு'ன்னாவ. ஒரு மாசம் நான் பேசல. பொறவு யோசிச்சுப் பாத்தேன். என்னை யாரும் அதுவரைக்கும் தாங்குறவன்னு சொன்னதில்ல மாமா."

இதைச் சொல்லும்போது அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் என்னையும் ஒரு கண் வாசலையும். நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். "அந்த போட்டோவைக் குடுங்க" என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட் அளவுதான். அதையே அவர் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து உற்றுப் பார்த்து, அவர்தான் என்று அறிந்து, அழுதார்கள்.

பிளக்ஸை நானே அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தேன். "ஸ்கூட்டருக்கு மேல மூடலாம்" என்றாள் என் மனைவி. மனசு வரவில்லை. பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. அதற்குள் நான் நேராக்கிய ஒரு அந்நியர் இருக்கிறார். கூடவே தலை நிறைய முடியோடு இன்னொரு அந்நியர்.

அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அது அல்ல. போன மாதம் ஒரு விழாவில் பேசினேன். கூட்டம் சோர்ந்தது. பழக்கத்தில் பேச்சை நிறுத்தி எதிரணி நாற்காலியைப் பார்த்தேன். அந்த ஒரு மூச்சு மௌனம் வந்தது. அதுதான் அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது. யாரோ ஒருவர் எனக்காக எழுந்திருக்க வேண்டிய இடம். யாரும் எழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. என் கை தானாக முகத்துக்குப் போனது, பாவமா இருக்கும் என்று அவர் சொன்னபடியே. தடவிப் பார்த்தேன்.

இருந்தது, அண்ணாச்சி. பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது.